கோல் கம்பத்தைக் காத்த தமிழர்: ஆர்.ஆறுமுகத்தின் வாழ்வும் ஆளில்லாத தோட்டத் திடல்களும்

மலாக்காவில் ஜாசின், மெர்லிமாவ், புக்கிட் அசகான், டுரியான் துங்கல், புலாவ் செபாங் போன்ற இடங்களில் இன்று 60 வயதைக் கடந்துவிட்ட தமிழர்களிடம் பழைய காற்பந்தைப் பற்றிப் பேச்செடுத்தால், மொக்தார் டஹாரியின் பெயருக்கு அடுத்தபடியாக அவர்கள் சொல்லும் பெயர் ஆறுமுகம். பால்மரத் தோட்டத்து லயத்தில் வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து ஆட்ட வர்ணனை கேட்ட தலைமுறை அது. எதிரணியின் பந்து கோலை நோக்கிப் பாயும்போது அறிவிப்பாளரின் குரல் உயரும். ஆறுமுகம் பிடித்துவிட்டார் என்ற செய்தி வந்த பிறகுதான் எல்லாருக்கும் மூச்சு வரும்.

அந்த ஆறுமுகம் மறைந்து 35 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. இன்றைய இடைநிலைப்பள்ளி மாணவர்களில் பலருக்கு அவர் பெயர் தெரியாது. அதைவிடக் கவலைக்குரியது, பள்ளிக் காற்பந்துக் குழுக்களில் நம் பிள்ளைகள் அருகிவருவது. அவருடைய வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்தால் நாம் எதை இழந்து வருகிறோம் என்பது புரியும்.

ஆறுமுகம் த/பெ ரெங்கசாமி 1953-ஆம் ஆண்டு ஜனவரி 31-ஆம் தேதி சிலாங்கூரில் உள்ள போர்ட் சுவெட்டன்ஹாமில் பிறந்தார். இன்று அந்த ஊர் போர்ட் கிள்ளான் என்று அழைக்கப்படுகிறது. துறைமுகத் தொழிலாளர்களும் ரயில்வே ஊழியர்களும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களும் கலந்து வாழ்ந்த ஊர் அது. அக்காலத்தில் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் செலவில்லாத ஒரே விளையாட்டு காற்பந்துதான். ஒரு பந்தும் ஒரு வெற்றுத் திடலும் இருந்தால் போதும், காலணிகூட வேண்டியதில்லை.

உயரமான உடல்வாகும் நீண்ட கைகளும் கொண்ட ஆறுமுகத்துக்குக் கோல் காவலர் இடம் இயல்பாகவே அமைந்தது. கோலின் ஒரு மூலையில் நிற்பவர் கண்ணிமைக்கும் நேரத்தில் மறு மூலைக்குப் பாய்ந்து பந்தைத் தட்டிவிடுவார். எட்டாது என்று எண்ணிய பந்துகளையும் எட்டிப் பிடித்ததால் இரசிகர்கள் அவருக்கு ஸ்பைடர்மேன் என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். கடைசிவரை அந்தப் பெயர் அவரோடு இருந்தது.

சிலாங்கூர் மாநிலக் குழுவில் இடம்பிடித்த அவர் 1973-இல் தேசியக் குழுவுக்குள் வந்தார். அப்போது அவருக்கு 20 வயது. நாட்டின் காற்பந்து உச்சத்தில் இருந்த காலம் அது. அதற்கு முந்தைய ஆண்டுதான் எம்.சந்திரன் தலைமையில் மலேசியா மூனிக் ஒலிம்பிக்கில் ஆடி, அமெரிக்காவை 3-0 என வென்று திரும்பியிருந்தது. வி.கிருஷ்ணசாமியும் அந்தக் குழுவில் இருந்தார். தேசியக் குழுவில் தமிழர் பெயர்கள் இருப்பது அன்று யாருக்கும் வியப்பாகப் படவில்லை.

அடுத்து வந்த ஆண்டுகள் வெற்றிகளால் நிறைந்தவை. 1974-இல் தெஹ்ரான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வெண்கலம் வென்றது. 1977-இல் கோலாலம்பூரிலும் 1979-இல் ஜகார்த்தாவிலும் நடந்த சீ விளையாட்டுப் போட்டிகளில் காற்பந்துத் தங்கம் மலேசியாவுக்குக் கிடைத்தது. மெர்டேக்கா கிண்ணம் 1973, 1974, 1976, 1979 ஆகிய ஆண்டுகளில் நம் நாட்டிலேயே தங்கியது. மாநில அளவில் 1975, 1976, 1978, 1979, 1981, 1982, 1984 எனச் சிலாங்கூர் அடுத்தடுத்து மலேசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அந்தக் காலம் நெடுகிலும் நாட்டின் தலைசிறந்த கோல் காவலர் யார் என்று கேட்டால் ஆறுமுகத்தின் பெயர்தான் முதலில் வரும்.

மலாக்கா மக்களுக்கு அவர்மீது தனிப் பற்று உண்டாக இன்னொரு காரணமும் இருந்தது. ஆறுமுகத்துக்கு முன்னால் தற்காப்பு அரணாக நின்றவர் சோ சின் ஆன். அவர் மலாக்கா, அலோர் காஜாவில் பிறந்தவர். சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் தற்காப்பில், ஆறுமுகம் கோலில். இந்த மூவரையும் கடந்து கோல் போடுவது ஆசியாவின் பெரிய குழுக்களுக்கும் எளிதாக இருக்கவில்லை. ஒரு சீனர், ஒரு பஞ்சாபியர், ஒரு தமிழர், முன்னணியில் மலாய்க்கார ஆட்டக்காரர்கள் என்று அமைந்த அந்தக் குழுவை நாடே தன் குழுவாக எண்ணியது.

1980-ஆம் ஆண்டு அவருடைய வாழ்க்கையில் மிகப் பெரிய ஆண்டு. மிகப் பெரிய ஏமாற்றத்தைத் தந்ததும் அதே ஆண்டுதான். மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதிச்சுற்று மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் நடந்தது. தென் கொரியா, ஜப்பான், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், புருணை ஆகியவை எதிரணிகள். இறுதி ஆட்டத்தில் மலேசியாவும் தென் கொரியாவும் மோதின. ஆட்டம் முடியும் தறுவாயில் ஹசான் சானி கொடுத்த பந்தை ஜேம்ஸ் வோங் கோலாக்கினார். மலேசியா 2-1 என வென்று ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றது.

ஆனால் அவர்கள் மாஸ்கோவுக்குப் போகவில்லை. 1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததைக் கண்டித்துப் பல நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. மலேசியாவும் அவற்றில் ஒன்று. மலேசியாவின் இடத்தில் ஈராக் ஆடியது. திடலில் வென்ற உரிமை அரசியலால் கைநழுவியது. அப்போது 27 வயதாக இருந்த ஆறுமுகத்துக்கு அந்த வாய்ப்பு மீண்டும் அமையவில்லை. அதன் பிறகு இன்றுவரை மலேசியக் காற்பந்துக் குழு ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றதும் இல்லை.

எனினும் அவர் ஓய்ந்துவிடவில்லை. 1980-களின் நடுப்பகுதிவரை நாட்டுக்காக ஆடினார். பிறகு 1988-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி ஒரு கார் விபத்து அவருடைய உயிரைப் பறித்தது. அப்போது அவருக்கு வயது 35. மூன்று ஆண்டுகள் கழித்து, 1991-இல், மொக்தார் டஹாரியும் நோயுற்று 37 வயதில் மறைந்தார். ஒரு பொற்காலத்தின் இரு பெரிய பெயர்களும் நடுவயதை எட்டும் முன்பே போய்விட்டன.

2016-இல் வெளிவந்த ஓலா போலா திரைப்படம் 1980-ஆம் ஆண்டின் கதையைத் தழுவி எடுக்கப்பட்டது. அதில் வரும் முத்து என்ற தமிழ்க் கோல் காவலர் பாத்திரம் ஆறுமுகத்தை நினைவூட்டியது. திரையரங்கில் கண் கலங்கிய பெற்றோர் பலர். ஆனால் அவர்களின் பிள்ளைகளில் எத்தனை பேர் மறுநாள் பள்ளித் திடலில் இறங்கினார்கள் என்பதுதான் கேள்வி.

ஆறுமுகத்தின் தலைமுறையை உருவாக்கியது தனி மனிதத் திறமை மட்டுமல்ல. தோட்டத்துக்கு ஒரு திடல் இருந்தது. மாலையில் வேலை முடிந்ததும் பெரியவர்கள் ஆடினார்கள், சிறுவர்கள் கோலுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கினார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் போட்டி நடந்தது. பள்ளியில் ஆர்வமுள்ள ஓர் ஆசிரியர் இருந்தார். அங்கிருந்து மாவட்டம், மாநிலம், இளையோருக்கான பர்ன்லி கிண்ணம் என்று படிகள் தெளிவாக இருந்தன. 1983-இல் மலாக்கா மாநிலக் குழு மலேசிய லீக் பட்டத்தை வென்றபோது, ஊர்த் திடல்களில் ஆடிய சிறுவர்களுக்கெல்லாம் அது எட்டக்கூடிய கனவாகத் தெரிந்தது.

பிறகு நிலைமை மாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. லயங்களில் இருந்த குடும்பங்கள் தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. வீட்டு வாசலில் இருந்த திடல் போய்விட்டது. இப்போது பயிற்சிக்குப் போவதென்றால் யாராவது வண்டியில் கொண்டுபோய் விட வேண்டும். தாயும் தந்தையும் தொழிற்சாலையில் முறை மாற்றி வேலை செய்யும் வீட்டில் அது எளிதல்ல.

தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையும் குறைந்தது. 150-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளியில், ஒரே வயதுப் பையன்களாகப் 11 பேரைத் திரட்டுவதே பெரும்பாடு. காற்பந்தைத் தொடாமலேயே ஆறாம் ஆண்டை முடிக்கும் பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் ஏற்கனவே பழகிய மாணவர்களோடு தேர்வில் நிற்கத் தயங்குகிறது. முதல் படிவத்தில் ஒதுங்கியவன் ஐந்தாம் படிவம்வரை ஒதுங்கியே இருக்கிறான். பிரத்தியேக வகுப்பும் கைப்பேசியும் மீதி நேரத்தை எடுத்துக்கொள்கின்றன.

விளையாட்டின்மீது பெற்றோருக்கு இருந்த நம்பிக்கையும் தளர்ந்தது. 1990-களின் நடுவில் வெடித்த ஆட்ட நிர்ணய ஊழல் காற்பந்துக்குப் பெரிய களங்கமானது. அண்மையில் மலாக்கா யுனைடெட் குழு 2022-க்குப் பிறகு உரிமம் கிடைக்காமல் சூப்பர் லீக்கிலிருந்து வெளியேறியது. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கமான மிஃபாவின் குழுவாக வளர்ந்து, இந்திய ஆட்டக்காரர்களுக்கு வாய்ப்பளித்த பெட்டாலிங் ஜெயா சிட்டியும் அதே வேளையில் விலகியது. இந்தத் தொழிலை நம்பி என் மகனை விடலாமா என்று ஒரு தந்தை தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது.

இருந்தாலும் பாதை முழுதாக அடைபட்டுவிடவில்லை. கே.ராஜகோபால்தான் 2010-இல் பயிற்றுநராக இருந்து மலேசியாவுக்கு ஆசியான் சுசுகி கிண்ணத்தை வென்று தந்தார். எஸ்.குணாளன், கே.குருசாமி போன்றோர் அந்தக் குழுவில் இருந்தார்கள். 2014-இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டம் சிறு வயதிலேயே திறமையாளர்களைத் தேடுகிறது. பள்ளி விளையாட்டு மன்றத்தின் மாவட்ட, மாநிலத் தேர்வுகள் இன்றும் நடக்கின்றன. ஆனால் தேர்வுத் திடலுக்கு வராத பிள்ளையை எந்தத் தேர்வாளராலும் தேர்ந்தெடுக்க முடியாது.

இங்குதான் ஊரின் பங்கு வருகிறது. தனியாக ஒரு குழுவை அமைக்க முடியாத பக்கத்துப் பள்ளிகள் வார இறுதியில் ஒன்றாகப் பயிற்சி செய்யலாம். எழுவர் ஆட்டத்துக்குக் குறைந்த பிள்ளைகள் போதும். முன்னாள் மாணவர் சங்கங்களும் ஆலய நிர்வாகங்களும் ஒரு வேன் செலவையும் சில சோடிக் காலணிகளையும் ஏற்றுக்கொண்டாலே பல வீடுகளின் தயக்கம் தீரும். ஒரு காலத்தில் தோட்டக் குழுக்களில் ஆடிய பெரியவர்கள் மலாக்காவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் ஒரு மணி நேரம் திடலுக்கு வந்தால் அதுவே பெரிய பயிற்சி.

ஆறுமுகத்துக்கு ஒலிம்பிக் திடல் கிடைக்காமல் போனது உலக அரசியலால். இன்று நம் பிள்ளைகளுக்குப் பள்ளித் திடலே கிடைக்காமல் போனால், அதற்கு உலக அரசியலைக் காரணம் காட்ட முடியாது.