தேன்கூடு செய்து சூட்டை ஆற்றியவர்!

மலைப்பாதையில் போகும்போது, ஏதாவது ஒரு கார் ஓரமாக நிற்பதையும், அதன் முன்பக்கத்திலிருந்து 'புஸ்' என்று ஆவி கிளம்புவதையும் பார்த்திருக்கிறீர்களா? டிரைவர் கையில் தண்ணீர் கேனோடு காத்திருப்பார். (சூடாக இருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்தால், கொதிநீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும், அதனால்தான் அந்தக் காத்திருப்பு!)

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. மீதியை வெளியேற்றியாக வேண்டும். இல்லையென்றால் உலோகம் விரிந்து, சிலிண்டருக்குள் பிஸ்டன் இறுகி, இன்ஜினே பாழாகிவிடும். கார்கள் புதிதாக வந்த காலத்தில் இது பெரும் தலைவலி. அதைத் தீர்த்து வைத்தவர், ஜெர்மனியைச் சேர்ந்த வில்ஹெல்ம் மேபாக்.

1846, பிப்ரவரி 9ல், ஹைல்பிரான் நகரில் பிறந்தார் மேபாக். 8 வயதில் தாயையும், 10 வயதில் தந்தையையும் இழந்தார். ராய்ட்லிங்கன் நகரில், குஸ்டாவ் வெர்னர் என்ற பாதிரியார் நடத்திய இல்லம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கேயே இயந்திரப் பட்டறையும் இருந்தது. படம் வரைவதில் சிறுவனுக்கு இருந்த திறமையைக் கண்டு, அந்தத் தொழிலையே கற்றுக்கொடுத்தனர். அங்கு மேலாளராக வந்த காட்லீப் டெய்ம்லர், மேபாக்கைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டார். டெய்ம்லர் இறக்கும் வரை அந்த நட்பு நீடித்தது.

1882ல் கான்ஸ்டாட் ஊரில், தோட்டத்து வீடு ஒன்றில் இருவரும் ரகசியமாக வேலை செய்தனர். ராத்திரி பகலாகச் சத்தம் கேட்கவே, தோட்டக்காரருக்குச் சந்தேகம். கள்ள நாணயம் அடிக்கின்றனரோ என்று போலீசை அழைத்து வந்துவிட்டார்! உள்ளே இருந்தவை இன்ஜின் பாகங்களும், கருவிகளும்தான்.

இருவரும் 1889ல் பாரிஸ் கண்காட்சிக்குக் கொண்டுபோன காரில், வண்டியின் சட்டக் குழாய்களுக்குள்ளேயே தண்ணீரை ஓடவிட்டு இன்ஜினைக் குளிர்வித்தார் மேபாக். சின்ன இன்ஜினுக்கு அது போதும். இன்ஜின் பெரிதாகப் பெரிதாகப் போதவில்லை.

சமவெளியில் நன்றாக ஓடும் கார், மேட்டில் ஏறும்போது மட்டும் ஏன் கொதிக்கிறது? யோசித்துப் பாருங்கள். மேட்டில் இன்ஜினுக்கு வேலை அதிகம், வெப்பமும் அதிகம். ஆனால், கார் மெதுவாகப் போவதால் முகப்பில் படும் காற்றோ குறைவு. கூடுதலாகத் தண்ணீர் ஊற்றிவைத்தால் பாரம்தான் கூடும். தண்ணீர் காற்றுக்கு அருகில் வரும் பரப்பு கூட வேண்டும். சூடான காபியை டம்ளரில் அப்படியே வைத்தால் ஆற நேரமாகும். அகலமான டபராவில் ஊற்றினால் சீக்கிரம் ஆறிவிடுகிறதல்லவா?

1900 மார்ச்சில், நீஸ் நகருக்கு அருகே நடந்த மலைப் பந்தயத்தில், டெய்ம்லர் காரை ஓட்டிய வில்ஹெல்ம் பாவர் விபத்தில் இறந்தார். உயரமும், எடையும் மிகுந்த கார் அது. அதே மாதம் டெய்ம்லரும் காலமாகியிருந்தார். தாழ்வான, எடை குறைந்த, ஆனால் வேகமான கார் வேண்டும் என்று வணிகர் எமில் யெல்லினெக் வற்புறுத்தினார். பொறுப்பு முழுவதும் மேபாக் தலையில் விழுந்தது.

அவர் செய்தது இதுதான். 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள சின்னஞ்சிறு குழாய்கள், மொத்தம் 8,070! அத்தனையையும் அடுக்கி, பற்றவைத்து, தேன்கூடு போன்ற ஒரு பெட்டியாக்கினார். குழாய்களுக்குள் காற்று, இடுக்குகளில் தண்ணீர். பின்னால் ஒரு விசிறி, மெதுவாகப் போகும்போதும் காற்றை இழுத்துக் கொடுத்தது. 35 குதிரைத்திறன் இன்ஜினுக்கு 9 லிட்டர் தண்ணீரே போதுமானது.

யெல்லினெக்கின் மகள் பெயரால், 'மெர்சிடிஸ்' என்று அழைக்கப்பட்ட அந்தக் கார், 1901 மார்ச்சில் நீஸ் பந்தயங்களில் மற்ற கார்களைப் பின்னுக்குத் தள்ளியது. பார்த்தவர்கள் அசந்துபோயினர்.

ஆனாலும், டெய்ம்லர் இல்லாத அந்த நிறுவனத்தில் மேபாக்குக்கு மதிப்பு குறைந்தது. 1907ல் மனவருத்தத்துடன் வெளியேறினார். 1909ல் மகன் கார்லுடன் சேர்ந்து, செப்லின் ஆகாயக் கப்பல்களுக்கு இன்ஜின் செய்யத் தொடங்கினார். 1929, டிசம்பர் 29ல் காலமானார். கான்ஸ்டாட் கல்லறைத் தோட்டத்தில், டெய்ம்லர் இருக்கும் அதே இடத்தில்தான் அவரும் உறங்குகிறார்.