ஹென்றி ஹெட்: தன் நரம்பையே அறுத்தவர்

டூட்டிங்கில் அக்கி கண்ட நம் முதியவர்களுக்கு மொழிபெயர்க்க மருத்துவரிடம் போவதுண்டு. கொப்புளம் ஏன் விலாவின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாக ஓடுகிறது என்று கேட்பார்கள். அதற்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர் ஹென்றி ஹெட் (1861-1940). லண்டன்காரர், வொய்ட்சேப்பலில் லண்டன் மருத்துவமனையில் பணியாற்றியவர். அக்கி குடியிருப்பது முதுகுத்தண்டை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் என்று 1900இல் கேம்ப்பெல்லுடன் சேர்ந்து காட்டினார். ஒரு முடிச்சுக்குத் தோலில் ஒரு பட்டை. ஊரில் குயவர் காவியால் அக்கி எழுதுவார். இவரோ அக்கியைக் கொண்டே உடம்புக்கு வரைபடம் எழுதிவிட்டார்.

நோயாளிகளால் தம் உணர்வைத் துல்லியமாகச் சொல்ல முடியவில்லை என்பது அவருடைய குறை. ஆகவே 1903 ஏப்ரலில், தன் இடது முழங்கையருகே தோலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துத் தைக்கச் செய்தார்! 1907 வரை கேம்பிரிட்ஜில் அவர் கண்மூடி உட்கார்ந்திருக்க, ஊசி, பஞ்சு, சூடு, குளிர் என்று வைத்துச் சோதித்தவர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ். நீலகிரித் தோடர்களைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்ட அதே ரிவர்ஸ்தான். இதற்கிடையே, 1904இல், ஹெட் ரூத் மேஹ்யூவை மணந்தார், மரத்த கையோடு.

முதலில் மீண்டது இன்ன இடமென்று தெரியாத முரட்டு வலி. மெல்லிய தொடுகை வெகுகாலம் கழித்தே வந்தது. எனவே உணர்வு நரம்புகளில் ஆதி வகை, நுண் வகை என இரண்டு உண்டு என்றார் ஹெட். 1909இல் ட்ராட்டரும் டேவிஸும் தம் நரம்புகளை வெட்டிப் பார்த்து அதை மறுத்தார்கள். கொள்கை தேறவில்லை. தோலின் வரைபடம், பிற்காலத் திருத்தங்களோடு, இன்றும் மருத்துவர் கையில் இருக்கிறது.

ஹெட் கவிதையும் எழுதியவர். 1919இல் தொகுப்பு வந்தது. பிறகு பார்க்கின்சன் நோய் பிடித்துக்கொண்டது. அதோடு பல ஆண்டுகள் வாழ்ந்து 1940இல் மறைந்தார்.