பிடிலை நமதாக்கிய பாலுசுவாமி தீட்சிதர்

பிடில் இல்லாத கர்நாடக சங்கீதக் கச்சேரி அபூர்வம். ஆனால் பிடில் நம் நாட்டில் பிறந்ததல்ல. கப்பலேறி வந்த வாத்தியம். அதை முறையாகக் கற்று நம் சங்கீதத்தில் சேர்த்த முன்னோடி பாலுசுவாமி தீட்சிதர்.

இவர் 1786-ம் ஆண்டு பிறந்தார். தந்தை ராமசுவாமி தீட்சிதர். கீர்த்தனைகளால் புகழ்பெற்ற முத்துசுவாமி தீட்சிதர் இவருடைய மூத்த அண்ணன்.

சென்னைக்கு வடக்கே, திருவொற்றியூருக்கு அருகே உள்ளது மணலி. அவ்வூர்ச் செல்வந்தர் முத்துகிருஷ்ண முதலியார், தீட்சிதர் குடும்பத்தை அழைத்து வந்து ஆதரித்தார். அவருக்குப் பின் மகன் சின்னையா முதலியாரும் ஆதரித்தார்.

அப்போது சென்னைக் கோட்டையில் வெள்ளைக்காரர்களின் சங்கீதம் ஒலித்து வந்தது. பாலுசுவாமிக்குப் பிடில் மேல் ஆசை பிறந்தது. சின்னையா முதலியார் ஒரு வெள்ளைக்கார ஆசிரியரை அமர்த்தினார். அவரிடம் பாலுசுவாமி மூன்று ஆண்டுகள் கற்றார். சாஸ்திரம் அறிந்த குடும்பத்துப் பிள்ளை, அந்நிய வாத்தியம் என்று அதை ஒதுக்கவில்லை.

வீணைக்கு மெட்டுகள் உண்டு, பிடிலுக்கு இல்லை. விரல் தடையின்றி வழுக்கிச் செல்லும். அதனால் நம் கமகங்கள் அதில் மனிதக் குரல் போலவே பேசின. வெள்ளைக்காரர் நின்று வாசித்ததை நம் வித்துவான்கள் தரையில் அமர்ந்து, பிடிலின் தலையைப் பாதத்தில் ஊன்றி வாசித்தனர். நான்கு தந்திகளையும் ஸ, ப, ஸ, ப என்று சுருதி கூட்டினர். வாத்தியத்தின் உடல் மட்டும் மாறவே இல்லை.

பின்னர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக விளங்கினார் பாலுசுவாமி. அவர் கற்ற வித்தை கச்சேரி மேடைதோறும் இன்றும் ஒலிக்கிறது.