மக்கள் கலைஞர் அண்ணா பாவ் சாத்தே

கல்வியின் பெருமையைப் பேசும் இவ்வெள்ளி விழா மலரில், பள்ளியில் சில நாள்கூட அமர்ந்து பயிலும் பேறு பெறாத ஒருவரின் வரலாற்றை எழுத முன்வந்துள்ளோம். அவர்தாம் மராட்டிய மண் ஈன்ற மக்கள் கலைஞர் அண்ணா பாவ் சாத்தே.

1920 ஆம் ஆண்டு ஆகஸ்டு 1 ஆம் நாள், இன்றைய சாங்லி மாவட்டத்தைச் சேர்ந்த வாட்டேகாவ் என்னும் சிற்றூரில், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மாங் சமுதாயத்தில் அவர் பிறந்தார். இயற்பெயர் துக்காராம். கயிறு திரிப்பதும், ஊர் விழாக்களில் ஹலகி என்னும் தோற்கருவியை முழக்குவதும் அச்சமுதாயத்தார் மீது சுமத்தப்பட்ட தொழில்கள். ஆங்கில அரசோ அவர்களைக் குற்றப் பரம்பரையினர் என்று முத்திரை குத்தியது. கருவி முழக்குவோரை விழாவுக்கு அழைத்து வீட்டுக்கு வெளியே நிறுத்தும் வழக்கத்தை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

சாதிக் கொடுமையால் பள்ளி வாயில் அடைபட்டது. வறுமை துரத்தவே, சிறுவனாயிருந்த அவர் குடும்பத்தாருடன் கால்நடையாகவே பம்பாய் சென்றார். அங்கே கரி சுமந்தார், பஞ்சாலையில் உழைத்தார். கடைப் பெயர்ப்பலகைகளையும் திரைப்பட விளம்பரங்களையும் எழுத்துக் கூட்டிப் படித்தே கல்வி பெற்றார். மாட்டுங்கா தொழிலாளர் குடியிருப்பில் பொதுவுடைமை இயக்கத்தாரின் தொடர்பு கிட்டியது. தொழிலாளரை வாட்டிய கொசுத் தொல்லையைக் கூடப் பாட்டாக்கினார்.

1944 இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் கூடி, செங்கொடிக் கலைக்குழு எனப் பொருள்படும் ‘லால் பாவ்டா கலாபதக்’கை நிறுவினார். மராட்டியரின் பழங்கூத்தாகிய தமாஷாவே அவர்தம் கருவியாயிற்று. தொடக்கத்தில் பாடப்பெறும் விநாயகர் துதியை நீக்கித் தாய்மண் வணக்கத்தை அமைத்தார். கோபியர் காட்சியை விடுத்து, வட்டிக்காரரின் சுரண்டலையும், வேலைநிறுத்தத்தின் நியாயத்தையும் மேடையேற்றினார். சங்கத் தலைவர்களின் சொற்பொழிவு எட்டாத உள்ளங்களையும் அக்கூத்து எட்டியது. ஆடியவரும் தொழிலாளர், கண்டவரும் தொழிலாளர். இதுவே அதன் வலிமை.

அவ்வலிமையை ஆட்சியாளரும் உணர்ந்தனர். 1940களின் இறுதியில் பம்பாய் அரசு அக்கூத்துகளைத் தடை செய்தது. அண்ணா பாவ் ஓய்ந்தாரல்லர். அதே கூத்தை மக்கள் நாடகம் என்னும் புதுப்பெயருடன் உலவவிட்டார். பம்பாயை உள்ளடக்கிய மராட்டிய மாநிலம் வேண்டி நடந்த போராட்டத்திலும் அவர் பாடல்கள் முழங்கின. 1960 மே 1 இல் அம்மாநிலம் மலர்ந்தது.

முப்பதுக்கு மேற்பட்ட புதினங்களை அவர் எழுதினார். பஞ்ச காலத்தில் தம் மக்களின் பசி தீர்க்க ஆங்கிலேயரை எதிர்த்த மாங் வீரனின் கதையாகிய ‘பகீரா’ 1959 இல் வெளிவந்து, 1961 இல் மாநில அரசின் பரிசைப் பெற்றது. அந்நூலை அண்ணல் அம்பேத்கருக்கே காணிக்கையாக்கினார். 1958 இல் பம்பாயில் கூடிய தலித் இலக்கிய மாநாட்டைத் தொடங்கி வைத்து, உலகைத் தாங்குவது ஆதிசேடன் அன்று, உழைக்கும் மக்களே என நிலைநாட்டினார்.

இத்தகையவர் 1969 ஜூலை 18 இல், நாற்பத்தெட்டாம் வயதில், வறுமையிலேயே மறைந்தார். 2002 இல் அஞ்சல்தலையும், 2022 இல் மாஸ்கோவில் சிலையும் அவர் நினைவைப் போற்றின. வாழ்ந்த நாளில் உதவாத பெருமை அது.

இளைஞர்களே! பள்ளியின்றியே அவர் உயர்ந்தார், நமக்கும் பள்ளி வேண்டா என எண்ணற்க. அடைக்கப்பட்ட கதவின் முன் நின்றும் எழுத்தைத் தேடியவர் அவர். திறந்த கதவின் முன் நிற்கும் நாம் எவ்வளவு தேட வேண்டும்! கற்ற பின்னும் நம் முன்னோரின் கலையை இழிவென ஒதுக்காது, உழைப்போர் உரிமைக்கு அதனை முழக்குவோமாக.