மாதம் 120 ரூபாய்

போடிநாயக்கனூரில் பொழுது விடியும் முன்பே தெருக்கள் விழித்துக் கொள்கின்றன. தலையில் துணியைக் கட்டி, கையில் தூக்குச் சட்டியுடன் பெண்கள் ஜீப்புக்காகக் காத்து நிற்கிறார்கள். போடிமெட்டைத் தாண்டி, ஏலத் தோட்டங்களில் காய் எடுக்கப் போகிறவர்கள் அவர்கள்.

காய் எடுக்கும் மாதங்களில் கையில் கூலி புரளும். கோடை வந்தால் வேலை குறையும். அப்போது பல வீடுகளில் முதலில் வெளியே போவது காதுத் தோடுதான். அடகுக் கடைக்குப் போன தோடு, அடுத்த காய் எடுப்பில் திரும்பி வரும். சில சமயம் வராது. வட்டி அதைத் தின்றுவிடும்!

இந்த மலையில் விளைந்த ஏலக்காய் விலைக்குப் போன ஊர்களில் ஒன்று விருதுநகர். மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று மூட்டை மூட்டையாக வியாபாரம் நடந்த ஊர் அது. அந்த ஊரில் 1909-ம் ஆண்டு வாக்கில், ஓர் இளம் விதவையும் தன் நகைகளைக் கழற்ற நேர்ந்தது. ஆனால் அவர் அடகுக் கடைக்குப் போகவில்லை. அவர் செய்தது வேறு.

அவர் பெயர் சிவகாமி அம்மையார். பின்னாளில் சென்னை ராஜ்யத்தின் முதல்-மந்திரியாக விளங்கிய காமராஜரின் தாயார்.

நகை போனது, வட்டி வந்தது

காமராஜர் 1903-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி பிறந்தார். தந்தை குமாரசாமி நாடார் தேங்காய் வியாபாரி. நாகம்மாள் என்று ஒரு தங்கை. பாட்டி பார்வதி அம்மாளும் உடன் இருந்தார். பெரிய செல்வம் இல்லை; குறையும் இல்லை.

காமராஜருக்கு 6 வயது நடக்கும்போது தந்தை இறந்துவிட்டார். சம்பாதித்த ஒரே கை போய்விட்டது. வீட்டில் மிஞ்சியவர்கள் இரண்டு பெண்கள், இரண்டு குழந்தைகள்.

சிவகாமி அம்மையார் காதணியை மட்டும் வைத்துக் கொண்டு, மற்ற நகைகளை விற்றார். வந்த பணத்தை உள்ளூர் வியாபாரி ஒருவரிடம் போட்டு வைத்தார். மாதா மாதம் அதிலிருந்து வட்டி வந்தது. அந்த வட்டியில் குடும்பம் நடந்தது.

இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நகை ஒன்றுதான். அதை அடகு வைத்தால் நாம் வட்டி கட்டுகிறோம். விற்று முதலாக்கினால் நமக்கு வட்டி வருகிறது. எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் நிறைந்திருந்த அந்தக் காலத்தில், கணவரை இழந்த துக்கத்தின் நடுவே, இந்தக் கணக்கு அவருக்குத் தெரிந்திருந்தது!

எல்லாரும் உடனே நகையை விற்க வேண்டும் என்பது இதற்குப் பொருள் அல்ல. பணத்தை வாங்கிக் கொண்டவர் நாணயமானவராக அமைந்தது அம்மையாரின் நல்ல காலம். அதிக வட்டி தருகிறோம் என்று சொல்லி, முதலையே விழுங்கிய கதைகள் எத்தனையோ உண்டு. இன்று தபால் ஆபீசும் பாங்கும் பக்கத்தில் இருக்கின்றன. அன்று அந்த வசதி இவ்வளவு பரவலாக இல்லை. ஆளை அறிந்துதான் பணத்தைக் கொடுக்க வேண்டும்.

அதைவிடக் கடினமானது அதற்கு அடுத்த வேலை. பண்டிகை வரும்; நோய் வரும்; உறவில் கல்யாணம் வரும். அத்தனையையும் ஒரு சிறிய மாத வரவுக்குள் அடக்க வேண்டும். ஒரு மாதமா, இரண்டு மாதமா? வருஷக் கணக்காக!

பிடி அரிசி

சிறுவன் காமராஜ் படித்தது க்ஷத்திரிய வித்தியாசாலையில். அந்தப் பள்ளிக்கூடத்தின் வரலாறே சிக்கனத்தின் வரலாறுதான்.

விருதுநகர் வியாபாரிகள் தாங்கள் விற்ற சரக்குக்கு ஏற்ப மகமை என்று ஒரு சிறு தொகையை எடுத்து வைப்பார்கள். வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடுவார்கள். ஒரு பிடி குறைந்ததால் எந்த வீட்டிலும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் ஊர் முழுவதும் சேர்ந்த பிடி அரிசி, பணமாக மாறிப் பள்ளிக்கூடத்தை நடத்தியது. பிள்ளைகள் சம்பளம் கட்டாமல் படித்தார்கள்.

அந்தப் படிப்பும் காமராஜருக்கு நீடிக்கவில்லை. 6-ம் வகுப்போடு நின்றார். தாய்மாமன் கருப்பையா நாடாரின் ஜவுளிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். மகன் ஒரு தொழிலைக் கற்றுக் கொண்டால் குடும்பம் தலை நிமிரும் என்று தாய் எண்ணினார்.

மகனுடைய எண்ணமோ கடைக்கு வெளியே இருந்தது. கூட்டம், ஊர்வலம், காங்கிரஸ்! இவரை இழுத்துப் பிடிப்பதற்காகத் திருவனந்தபுரத்தில் இருந்த இன்னொரு மாமாவின் மரக்கடைக்கு அனுப்பினார்கள். பலன் இல்லை. அங்கிருந்தும் அவர் மனம் வைக்கம் போராட்டத்தின் பக்கம் போயிற்று. கல்யாணப் பேச்சு எடுத்தார்கள். அதற்கும் அவர் இசையவில்லை. கடைசி வரை மணம் செய்து கொள்ளவே இல்லை.

1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத்தில் முதல் முறையாகச் சிறை சென்றார். பிறகு பல தடவை. மொத்தம் ஏறக்குறைய 9 ஆண்டுகள் சிறையில் கழிந்தன.

தேசத்துக்காகச் சிறை சென்றவரை நாடு போற்றுகிறது. போற்ற வேண்டியதுதான். ஆனால் அந்த 9 ஆண்டுகளில் வீட்டில் அடுப்பு எரிந்ததே, அது எப்படி? சம்பாதிக்க வேண்டிய ஒரே மகன் சிறையில் இருக்கும்போது, வீட்டுக் கணக்கைத் தாங்கியவர் தாய். அவருக்கு மாலை போட்டவர்கள் குறைவு.

உயராத பணம்

1954-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி காமராஜர் முதல்-மந்திரி ஆனார். தம்மையும் சேர்த்து 8 பேருடன் மந்திரிசபை அமைத்தார். அவ்வளவு பெரிய ராஜ்யத்துக்கு அவ்வளவு சிறிய மந்திரிசபை!

மகன் முதல்-மந்திரி. தாய் கோட்டைக்குப் பக்கத்தில் பங்களாவிலா இருந்தார்? இல்லை. விருதுநகரில் பழைய வீட்டிலேயே இருந்தார். தாயைச் சென்னைக்கு அழைத்து வந்தால், பின்னாலேயே உறவினர்களும் வருவார்கள், சிபாரிசு வரும் என்று மகன் அஞ்சினார்.

வீட்டுச் செலவுக்கு அவர் அனுப்பியது மாதம் 120 ரூபாய். முதல்-மந்திரியின் தாயாரைப் பார்க்க யார் யாரோ வந்தார்கள். வந்தவர்களுக்குச் சோடாவோ கலரோ வாங்கிக் கொடுக்காமல் எப்படி அனுப்புவது? இன்னும் கொஞ்சம் சேர்த்து அனுப்பும்படி தாய் சொல்லி அனுப்பினார். மகன் மறுத்துவிட்டார். பார்க்க வருகிறவர்கள் சோடா கேட்டு வருவதில்லை என்பது அவர் எண்ணம். குழாய் விஷயமும் அப்படித்தான். நகரசபையார் தாயார் வீட்டுக்குத் தனியாக ஒரு குடிநீர்க் குழாய் போட்டுக் கொடுத்தார்கள். செய்தி தெரிந்ததும் மகன் அதை எடுக்கச் செய்தார். தெருவில் எல்லாருக்கும் இல்லாத குழாய், தன் தாய்க்கு மட்டும் எதற்கு?

இதைக் கேட்கும்போது மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்கிறது. தன்னைச் சுருக்கிக் கொள்வது மகனின் உரிமை. வயதான தாயையும் சேர்த்துச் சுருக்கலாமா? குழாயை மறுத்தது நியாயம். அது ஊர்ப் பணம். அனுப்பிய பணமோ அவருடைய சொந்தப் பணம். தாய்க்கு இன்னும் முப்பது ரூபாய் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனாலும் 120 ரூபாயில் தாய் குடும்பத்தை நடத்தினார். வட்டிப் பணத்தில் பழகிய கை அது.

மதியச் சோறு

தாயிடம் கணக்குப் பார்த்த அதே மகன், பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் பணத்தைக் கண்டு தயங்கவில்லை.

1956-ம் ஆண்டில் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. இத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போடப் பணம் எங்கே என்ற கேள்வி எழுந்தது. வேண்டுமானால் இதற்காகப் பிச்சை எடுக்கவும் தயார் என்றார் காமராஜர். செலவின் ஒரு பகுதியைச் சர்க்கார் ஏற்றது. மறு பகுதியை அந்தந்த ஊரார் நெல்லாகவும் பருப்பாகவும் பணமாகவும் கொடுத்தார்கள். 1958 முதல் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறையின் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய அந்த மாநாடுகளில், ஊரார் பெஞ்சு கொடுத்தார்கள், கரும்பலகை கொடுத்தார்கள், கட்டடமும் கட்டிக் கொடுத்தார்கள்.

விருதுநகர்ப் பெண்கள் எடுத்து வைத்த பிடி அரிசி நினைவுக்கு வருகிறதல்லவா?

போடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்றாகத் தெரியும். விடியுமுன் மலை ஏறும் தாய், இருட்டும் நேரத்தில்தான் இறங்குவாள். நடுப்பகலில் பிள்ளைக்குச் சோறு போட வீட்டில் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒரு வேளைச் சோறு கிடைத்தால், பிள்ளையின் வயிறும் நிறையும். அந்த வேளைக்கான அரிசியும் வீட்டில் மிஞ்சும். கூலி குறைந்த கோடைக்கு முன்னால் மிஞ்சிய அரிசிக்கு மதிப்பு அதிகம்.

காமராஜரிடம் இந்த வட்டாரத்துக்கு ஒரு மனக்குறையும் உண்டு. அவர் முதல்-மந்திரியாக இருந்தபோதுதான், 1956-ம் ஆண்டு நவம்பர் 1-ந் தேதி, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. காய் எடுக்கப் போகிறவர்கள் இன்று ராஜ்ய எல்லையைத் தாண்டிப் போகிறார்கள்.

வாடகை வீடு

1963-ம் ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி, கட்சி வேலைக்காக அவர் முதல்-மந்திரி பதவியை விட்டு விலகினார். சரியாக 12 ஆண்டு கழித்து, 1975-ம் ஆண்டு அதே அக்டோபர் 2-ந் தேதி சென்னையில் காலமானார்.

அவர் வாழ்ந்தது தியாகராய நகர், திருமலைப் பிள்ளை ரோட்டில் ஒரு வாடகை வீடு. சில வேட்டிகள், சில சட்டைகள், புத்தகங்கள், கையில் ஒரு சிறு தொகை. சேர்த்து வைத்த சொத்து இல்லை.

தாயார் அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். சென்னை வாடகை வீடும், விருதுநகர்ப் பழைய வீடும் பின்னர் நினைவு இல்லங்கள் ஆயின. விருதுநகர் வீடு குறுகலான தெருவில் இருக்கிறது. முதலில் வட்டிப் பணத்திலும், பின்னர் 120 ரூபாயிலும் குடும்பம் நடந்தது அங்கேதான்.