ஹாஃப்கினும் 53-என் பாட்டிலும்

(இரண்டாம் ஆண்டு, எந்திரவியல்)



பாஸ்டர் பெயர் நமக்குத் தெரியும். மலேரியா கொசுவால்தான் பரவுகிறது என்று கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் பெயரும் தெரியும். வால்டெமார் ஹாஃப்கின் யார் என்று கேட்டால் நம் வகுப்பில் பாதிப் பேர் முழிப்போம். போன வருடம் வரை நானும் முழித்தவன்தான். காலராவுக்கும் பிளேக்குக்கும் தடுப்பூசி கண்டுபிடித்து, நம் நாட்டுச் சேரிகளில் நடந்து நடந்து ஊசி போட்ட மனிதர் அவர். 1964-ல் இந்திய அரசு அவர் படத்தோடு தபால்தலை வெளியிட்டது. அவர் ஒரு யூதர்.

யூதர்களைப் பற்றி ஒரு பழைய செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 1348, 1349-ஆம் ஆண்டுகளில் ஐரோப்பா முழுக்கப் பிளேக் பரவி ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். காரணம் யாருக்கும் தெரியவில்லை. யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்துவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. ஸ்ட்ராஸ்பர்க் என்ற ஊரில் மட்டும் நூற்றுக்கணக்கான யூதர்களை ஒரே நாளில் உயிரோடு கொளுத்தினார்கள். பிளேக்கில் யூதர்களும்தான் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை யாரும் யோசிக்கவில்லை. நம் பக்கத்துக் கொச்சியில் பல நூற்றாண்டுகளாக யூதர்கள் பெரும்பாலும் பயமில்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் அந்த நிம்மதி கிடைக்கவில்லை.

ஹாஃப்கின் 1860-ல் ஒடெசா நகரில் பிறந்தார். இன்று உக்ரைனில் இருக்கும் அந்த ஊர் அப்போது ரஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. 1881-ல் சக்கரவர்த்தியைக் குண்டு வீசிக் கொன்றார்கள். உடனே பழி யூதர்கள் மேல் விழுந்தது. ஊர் ஊராக அவர்கள் வீடுகளையும் கடைகளையும் அடித்து நொறுக்கினார்கள். ஒடெசாவில் யூத இளைஞர்கள் தங்கள் ஜனங்களைக் காக்க ஒரு தற்காப்புக் குழு சேர்த்தார்கள். நம் வயதை விடக் கொஞ்சம் மூத்த காலேஜ் மாணவரான ஹாஃப்கினும் அதில் சேர்ந்தார். சண்டையில் அவருக்குக் காயம் பட்டது. அடிபட்டவரையே போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. அவருடைய பேராசிரியர் மெச்னிகாஃப் தலையிட்டு மீட்டு வந்தார். (இவர் பின்னால் நோபல் பரிசு வாங்கியவர்.)

படிப்பு முடிந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை வேண்டுமானால் கிறிஸ்தவராக மாற வேண்டும் என்றார்கள். ஹாஃப்கின் மாறவில்லை. வேலையும் கிடைக்கவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கிற நம்மில் பல பேருக்கு அந்த நிலைமை என்னவென்று சொல்லாமலே புரியும்.

1889-ல் பாரிசுக்குப் போனார். பாஸ்டர் நிலையத்தில் விஞ்ஞானி வேலை காலி இல்லை, லைப்ரரியில் உதவியாளர் வேலைதான் இருந்தது. சரி என்று சேர்ந்துவிட்டார். புத்தகம் அடுக்கிய நேரம் போக மீதி நேரம் ஆராய்ச்சி. 1892 ஜூலை 18 அன்று, தான் செய்த காலரா மருந்தைத் தன் உடம்பிலேயே குத்திக்கொண்டார். அடுத்த வருடமே கல்கத்தா வந்துவிட்டார். வெள்ளைக்காரன் ஊசி என்று ஜனங்கள் பயந்தபோது, வங்காள மருத்துவர்கள் அவரோடு சேரிக்குப் போய்ப் பேசிப் புரியவைத்தார்கள்.

1896-ல் பம்பாயில் பிளேக். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு அறையும் ஒரு வராந்தாவும் கொடுத்தார்கள். அங்கே அவர் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணாடிக் குடுவையில் சூப் மாதிரி ஒரு திரவம், அதன் மேல் சில சொட்டு நெய். நம் வீட்டு நெய்தான்! அந்த நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு பிளேக் கிருமிகள் விழுது விழுதாகக் கீழே தொங்கி வளருமாம். அதைச் சூடுபடுத்திக் கிருமியைக் கொன்று, கெடாமல் இருக்கக் கார்பாலிக் அமிலம் சேர்த்தால் மருந்து தயார். இதற்கு இராப்பகலாக மூன்று மாதம் ஆனது. 1897 ஜனவரி 10 அன்று இதையும் முதலில் தனக்கே போட்டுக்கொண்டார், அதுவும் மற்றவர்களுக்குப் போட்ட அளவைப் போல மூன்று நான்கு மடங்கு! காய்ச்சல் அடித்தது, ஆனால் பிழைத்துக்கொண்டார். 1925 வரைக்கும் பம்பாயிலிருந்து இரண்டு கோடியே அறுபது லட்சம் டோஸ் வெளியே போயிருக்கிறது.

1902-ல் பஞ்சாபில் பிளேக் கடுமையானது. லட்சக்கணக்கில் மருந்து கேட்டார்கள். சீக்கிரம் தயாரிக்க வேண்டி ஹாஃப்கின் முறையைக் கொஞ்சம் மாற்றினார். கார்பாலிக் அமிலம் விடப்பட்டது. அக்டோபர் 30 அன்று முல்கோவால் கிராமத்தில் (இப்போது பாகிஸ்தான்) 107 பேருக்கு ஊசி போட்டார்கள். 53-என் என்று எண்ணிட்ட ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட 19 பேரும் டெட்டனஸ் வந்து இறந்தார்கள்.

விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மருந்து பம்பாயிலேயே கெட்டுவிட்டது, கார்பாலிக் சேர்க்காதது தப்பு என்று முடிவு கட்டினார்கள். ஹாஃப்கினை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் லண்டனுக்குப் போனார்.

இந்த இடத்தில் என் சித்தப்பா ஞாபகம் வந்ததை மறைக்க விரும்பவில்லை. அவர் வெளியூரில் ஒரு பட்டறையில் ஹெல்ப்பராக இருந்தார். ஒரு நாள் மோட்டார் எரிந்துவிட்டது. பட்டறைக்காரர் சித்தப்பாவிடம் முதலில் கேட்டது, நீ எந்த ஊர். இரண்டாவது கேட்டது, ஊரில் எந்தத் தெரு. ஸ்விட்சைப் போட்டது யார் என்பது மூன்றாவதாகக்கூட வரவில்லை. (டவுன்ஷிப்பில் எந்த பிளாக் என்று கேட்டால் நம்பரைச் சொல்லிவிட்டுப் போய்விடலாம். தெருவைக் கேட்டால் அப்படி முடியாது.) சித்தப்பாவுக்கு வேலை போனது. வயரிங்கில்தான் கோளாறு என்று பிறகு தெரிந்தது.

யூதர் என்பதால்தான் ஹாஃப்கினைத் தண்டித்தோம் என்று எந்த அரசாங்கக் காகிதத்திலும் எழுதமாட்டார்கள். அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லை, விலங்கியல் படித்தவர். அதுவும் ரஷ்யாவிலிருந்து வந்தவர். அவருக்குக் கீழே வேலை பார்க்க வெள்ளைக்கார டாக்டர்கள் சிலருக்குப் பிடிக்கவில்லை. யூதர் என்பதும் அதோடு சேர்ந்தது. பிரான்சில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரியை 1894-ல் பொய்யாகத் தேசத்துரோகி ஆக்கித் தீவில் அடைத்தார்கள். ஹாஃப்கின் விஷயத்தைச் சின்ன டிரைஃபஸ் வழக்கு என்றே சொல்வார்கள். கிணற்றில் விஷம் போட்டான் என்று அன்று சொன்ன இனத்தில் பிறந்த ஒருவர், பிளேக்குக்கே மருந்து செய்து, மருந்தில் விஷம் என்று பழி வாங்கினார்!

உண்மை பாட்டிலைத் திறந்த இடத்தில் இருந்தது. அன்று முல்கோவாலில் உதவியாளர் கையிலிருந்த இடுக்கி தரையில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் லேசாக அலசிவிட்டு அந்த பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். டெட்டனஸ் கிருமி மண்ணில் இருப்பது. மருந்து பம்பாயிலேயே கெட்டிருந்தால் திறந்தபோதே நாற்றம் அடித்திருக்கும், அப்படி எதுவும் இல்லை. இந்த விவரம் கமிஷன் முன்னாலேயே இருந்தது என்பதுதான் வேதனை. 1907 ஜூலையில் ரொனால்ட் ராசும் வேறு ஒன்பது விஞ்ஞானிகளும் லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார்கள். அந்த வருடம் நவம்பரில் ஹாஃப்கின் குற்றமற்றவர் என்று ஒத்துக்கொண்டார்கள்.

அவர் மறுபடி கல்கத்தா வந்தார். 55 வயதில் ஓய்வு பெற்றார். 1925-ல் பம்பாய் பரேலில் அவர் உருவாக்கிய ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிலையம் என்று பெயர் வைத்தார்கள். 1930-ல் சுவிட்சர்லாந்தில் காலமானார். தன் பணத்தை யூதப் பிள்ளைகளின் படிப்புக்கு எழுதி வைத்திருந்தார். அவர் பிறந்த ஒடெசாவில் 1941-ல், ஹிட்லரோடு சேர்ந்திருந்த ருமேனிய ராணுவம் பல்லாயிரம் யூதர்களைக் கொன்றது. அதைப் பார்க்க அவர் இல்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது சித்தப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். கடைசி வரைக்கும் கேட்டார். தப்பு இல்லை என்று தெரிந்த பிறகு அவருக்குப் பழைய பம்பாய் வேலையையே திருப்பிக் கொடுத்தார்களா என்று கேட்டார். இல்லை, கொடுக்கவில்லை என்றேன்.