பருத்திக்காட்டில் இருந்து வந்த பிட்சர்

குட்டீஸ், பேஸ்பால் ஆட்டம் பார்த்திருக்கிறீர்களா? நம் கிரிக்கெட்டுக்குப் பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பந்தை எறிவார். மற்றவர் மட்டையால் அடிப்பார். ஆனால் எறிபவர் ஓடி வரமாட்டார். பந்து தரையில் குத்தி எழும்பாது. சிறிய மேட்டின்மேல் நின்று, 18 மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்துக்கு எறிய வேண்டும். இவருக்குப் ‘பிட்சர்’ என்று பெயர். 1930களில் அமெரிக்கா முழுவதும் பேசப்பட்ட பிட்சர் டிஸ்ஸி டீன்.

இவர் 1910 ஜனவரி 16 அன்று அர்கான்சாஸ் மாநிலத்தில் உள்ள லூகாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். இயற்பெயர் ஜே ஹன்னா டீன். சிறு வயதிலேயே தாயை இழந்தார். பருத்தி எடுக்கப் போனதால் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். அங்கேதான் ‘டிஸ்ஸி’ என்ற பட்டப்பெயர் வந்தது. தலை கிறுகிறுத்தவன் என்று பொருள். சேட்டை அப்படி!

செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி இவரைச் சேர்த்துக்கொண்டது. 1934இல் தம்பி பால் டீனும் அதே அணிக்கு வந்தார். இந்த ஆண்டு நாங்கள் இருவரும் சேர்ந்து 45 ஆட்டங்களில் வெல்வோம் என்று டிஸ்ஸி ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். கடைசியில் எத்தனை தெரியுமா? அண்ணனுக்கு 30, தம்பிக்கு 19. மொத்தம் 49! இறுதிக்கட்டமான ‘வேர்ல்டு சீரிஸ்’ போட்டியில் டெட்ராய்ட் அணியை வெல்லத் தேவையான நான்கு வெற்றிகளையும் இந்தச் சகோதரர்களே ஆளுக்கு இரண்டாகப் பெற்றுத் தந்தார்கள். இடையில் ஒரு நாள் பந்து தலையில் பட்டு மருத்துவமனைக்குப் போனவர், மறுநாளே எறிய வந்துவிட்டார்.

இந்த அவசரம்தான் பிறகு வினையானது. 1937 ஜூலையில் வாஷிங்டனில் நடந்த நட்சத்திர ஆட்டத்தில், ஏர்ல் அவெரில் அடித்த பந்து டீனின் இடது கால் பெருவிரலில் பாய்ந்தது. விரல் முறிந்தது. வெறும் கால்விரல்தானே என்று நினைக்கிறீர்களா? வலக்கையால் எறிபவர் எறியும்போது உடலின் பாரம் முழுவதையும் இடது காலில்தான் ஊன்றுவார். விரல் ஆறும் முன்பே, இரண்டே வாரத்தில் டீன் களத்துக்கு வந்தார். யாராவது பிடித்து உட்கார வைத்திருக்கக் கூடாதா! வலிக்குப் பயந்து காலை மெல்ல ஊன்றினார். எறியும் முறை மாறியது. பாரமெல்லாம் கைக்குப் போனது. மின்னல் வேகம் மறைந்தது. மறு ஆண்டு சிகாகோ கப்ஸ் அணிக்குப் போய், வேகத்தை விட்டுத் தந்திரத்தால் சமாளித்தார். 1941இல், 31 வயதிலேயே, ஆட்டத்தை விட வேண்டியதாயிற்று.

கை போனால் என்ன, வாய் இருந்ததே! அதே ஆண்டு செயின்ட் லூயிஸ் வானொலியில் வர்ணனையாளர் ஆனார். பருத்திக்காட்டில் பேசிய அதே பேச்சு! வீரர் சறுக்கினார் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்லிட்’ என்பார்கள். டீன் ‘ஸ்லட்’ என்பார். நாம் ‘போட்டான்’ என்பதற்குப் ‘போடினான்’ என்றால் எப்படி இருக்கும்? அப்படி. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஆனால் மிசௌரி மாநில ஆங்கில ஆசிரியர்களுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளைகளும் இதையே பேசுகிறார்களே என்று 1946இல் புகார் செய்தார்கள். அவர்கள் கவலையிலும் நியாயம் இருக்கத்தானே செய்கிறது? ஆனால் பாமரர்களான ரசிகர்கள் தங்களில் ஒருவரின் குரலாக அதைக் கேட்டார்கள். டீனின் வேலை தப்பியது. பேச்சையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மறு ஆண்டு இன்னொரு வேடிக்கை. தோற்றுக்கொண்டே இருந்த செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணியின் பிட்சர்களை டீன் வானொலியில் ஓயாமல் கிண்டல் செய்தார். தன்னால் இதைவிட நன்றாக எறிய முடியும் என்றார். முடிந்தால் வந்து எறியட்டும் என்று அந்த அணியே அவரை இறக்கிவிட்டது! 1947 செப்டம்பர் 28 அன்று 37 வயது டீன் நான்கு இன்னிங்ஸ் எறிந்தார். எதிரணியால் ஒரு ரன்கூட எடுக்க முடியவில்லை. மட்டையைப் பிடித்து ஒரு அடியும் அடித்தார். ஓடும்போது தசை பிடித்துக்கொண்டதால் மறுபடி மைக் முன்னால் போய் உட்கார்ந்தார்.

1953இல் தேசியத் தொலைக்காட்சிக்கு வந்தார். வாராவாரம் நாடெங்கும் ஒளிபரப்பான ஆட்டங்களுக்கு 1965 வரை இவர் குரல்தான். புகழ்பெற்ற வீரர்களுக்கான ‘ஹால் ஆஃப் ஃபேம்’ கௌரவமும் அதே 1953இல் கிடைத்தது. 1974 ஜூலை 17 அன்று நெவாடா மாநிலத்தின் ரீனோ நகரில் காலமானார். அவர் 30 ஆட்டங்களில் வென்ற 1934க்குப் பிறகு, நேஷனல் லீகில் எந்தப் பிட்சரும் ஒரே ஆண்டில் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை.